ரெசலூட்டிலிருந்து ஈக்காலுயிற் வரை

வடக்கே, துருவத்துப் பக்கம், ரெசலூட் என்ற ஊருக்கு அருகிலிருந்த சுரங்க முகாமில் அத்தான் சமையல்காரராக இருந்தார். அந்த மார்கழியில் அவருக்கு லீவு கிடைத்தது. சுரங்கத்தின் சின்ன விமானம் ஈக்காலுயிற் என்ற ஊரில் கொண்டுபோய் இறக்கும். பிறகு பெரிய விமானங்கள். அந்தச் சின்ன விமானத்தை நினைத்துத்தான் தெற்கே நகரத்தில் இருந்த அக்காவுக்கும் எனக்கும் பயம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் அக்கா என்னைத்தான் கேட்டாள். நூலகத்து வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தேன்.

"இஞ்சையிருந்து வினிபெக் போற தூரம் வரும், அக்கா. நாலு மணித்தியாலம் பிடிக்கும்."

"இடையில ஏதும் எண்டால் எங்கையடா இறக்குவாங்கள்?"

நூலின் கீழே வெள்ளையும் நீலமுமாகத்தான் இருந்தது. நான் நூலைச் சுருட்டினேன்.

வெளிக்கிடுவதற்கு முதல்நாள் போனில் அத்தான் காலை விமானத்தில் இடம் கிடைத்ததாகச் சொன்னார். அக்கா கோயில் கலண்டரைப் பார்த்தாள்.

"ஐயோ, அது ராகுகாலம். பின்னேரப் பிளேனில வாங்கோ."

"இஞ்ச சூரியனே உதிக்கிறேல்லையப்பா. ராகு எந்த வழியால வாறது?"

"பகிடி விடாதேங்கோ!" என்று அழத் தொடங்கிவிட்டாள். அவர் ஒரு கூட்டாளியிடம் கேட்டு இடத்தை மாற்றிக்கொண்டார்.

மறுநாள் பின்னேரம், "வெளிக்கிடுறன்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். நான் சொன்ன நாலு மணித்தியாலமும் கடந்தது. போன் வரவில்லை. ஈக்காலுயிற் விமான நிலையத்துக்கு நானே போன் எடுத்தேன். என் இங்கிலிஷை அங்கிருந்த பெண் இரண்டு தரம் கேட்டு விளங்கிக்கொண்டாள்.

"என்னவாம்?" அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பனிப்புயலாம். ஒண்டும் இறங்கேலாதாம்."

"காலமைப் பிளேன்?"

"அது இறங்கிட்டுதாம்."

அக்கா குசினியில், அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தானேடா மறிச்சனான்," என்றாள்.

தூரத்தை அளந்திருந்தேன், நேரத்தைக் கணக்குப் பார்த்திருந்தேன். இறங்க முடியாத விமானத்தில் எண்ணெய் எவ்வளவு நேரத்துக்குப் போதும் என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் பயமாக இருந்தது. சோறு அடுப்பில் அடிப்பிடித்தது. இருவருமே எழும்பவில்லை.

போன் அடித்தபோது அக்கா தொடவில்லை. நான்தான் எடுத்தேன்.

"பாதி வழியில திருப்பிப்போட்டாங்களடா. ரெசலூட்டிலதான் நிக்கிறன்," என்றார் அத்தான்.

நாலு மணித்தியாலக் கணக்கு சரிதான்: போக இரண்டு, திரும்ப இரண்டு. ஏறிய இடத்திலேயே அவர் இறங்கியிருந்தார். அக்கா றிசீவரைப் பறித்தாள்.

"சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

"அழாதையும். நாளைக்குக் காலமையும் ஒண்டு போகுதாம், பின்னேரமும் போகுதாம். எதில வரட்டும்?"

அக்காவின் முகம் வெளிறியது. றிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"நீ சொல்லு. நீ படிச்சனிதானே."

நான் வாங்கினேன். "ஹலோ, ஹலோ," என்றார் அத்தான். அவர் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது.

"தெரியேல்லை அத்தான்," என்றேன்.