ஆறாவது விளக்கு

ஒரு படகுக்கு ஐந்து விளக்கு. எங்கள் லயத்து வரிசையில் இருபது வீடு இருந்தும் ஒரு வீட்டுக்கும் ஒரு கரண்டு விளக்குக் கிடையாது. இந்த அநியாயத்தை இன்றைக்குச் சொன்னாலும் எனக்கு வயிறு எரிகிறது. அதுவும் என்ன படகு? ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மெர்போக் ஆற்றில் மீன் பிடிக்கப் போகிற படகு. அவர் மீனோடு திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை.

சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அப்பா ஆலையில் எஞ்சினும் ஒயரும் பார்க்கிறவர். ஆலைக்கும் துரை பங்களாவுக்கும் அவர் கையால்தான் வெளிச்சம் போனது. வீட்டுக்கு வந்தால் மண்ணெண்ணெய் விளக்கு. அதன் புகையில் படித்துப் படித்து என் மூக்கு இரண்டு பக்கமும் கறுத்திருக்கும்.

உப்புத் தண்ணீர் பட்டுப் படகின் ஒயரெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்து இற்றுப்போயிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார் துரை. ஆனால் எது எங்கே போகும் என்று முதலில் தாளில் வரைந்து காட்ட வேண்டுமாம். அப்பா பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என் பென்சிலைக் கேட்டார்.

அந்தப் பென்சிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். கணக்கில் முதலாவதாக வந்ததற்கு வாத்தியார் கொடுத்தது. என் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை அந்த மாதம் பள்ளிக்கூடம் வரவே இல்லை. வந்திருந்தால் அவள்தான் முதலாவது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் அதைச் சீவக்கூட மனசில்லாமல் வைத்திருந்தேன். அப்பா கத்தியை எடுத்து இரண்டு முனையையும் சரசரவென்று சீவிவிட்டார். பாட்டரியிலிருந்து போகிற ஒயருக்குச் சிவப்பு, திரும்பி வருகிறதுக்கு நீலம். கோடு போடப் போட என் பென்சில் குட்டையாகிக்கொண்டே வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் அப்பா வரைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. முன்பு போட்டவன் எவனோ ஒயரைப் படகின் அடியிலேயே, தண்ணீர் தேங்குகிற இடத்தில் ஓட்டியிருந்தான். அப்பா அதை மேலே, விளிம்புப் பலகையை ஒட்டிக் கொண்டுபோனார். விளக்குக்கு விளக்குத் தனி ஃபியூஸ். ஒன்று போனாலும் மற்றது எரியும். விளக்கு என்றால் ஒரு வட்டம், உள்ளே பெருக்கல் குறி. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, துரை உட்கார்ந்து குடிக்கிற இடத்துக்கு ஒன்று.

"கழட்டுற பழைய பாட்டரி சும்மாதானேப்பா கெடக்கும்? நம்ம வீட்டுக்கும் ஒரு லைட்டு போடுங்களேன்" என்றேன்.

அப்பா சிரித்தார். "தாள்ல இருக்கிறதுதாம்மா சாமானா வரும். நம்ம வீடு தாள்ல இல்லையே."

இவ்வளவுதானா விஷயம்! அப்பா குளிக்கப் போனதும் நான் பென்சிலை எடுத்தேன். படகுக்கு வெளியே வரைந்தால் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி கண்டுபிடித்துவிடுவார் என்று, படகின் மூக்குப் பக்கம் காலியாக இருந்த இடத்தில் சின்னதாக ஒரு சதுரம் போட்டேன். அதுதான் எங்கள் வீடு. உள்ளே வட்டம், பெருக்கல் குறி. சிவப்பில் ஒரு கோடு, நீலத்தில் ஒரு கோடு. ஃபியூஸையும் மறக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் அப்பா தாளைச் சுருட்டிக்கொண்டுபோய்க் கிராணியிடம் கொடுத்துவிட்டார்.

எங்கள் தோட்டத்தில் ஆளைக் கேள்வி கேட்பார்களே தவிர, தாளைக் கேட்கிற வழக்கம் கிடையாது. கிராணி வட்டங்களை எண்ணினார், ஆறு. பீடோங்கில் இருந்த பாய் கடைக்கு ஆறு பல்பு, ஆறு சுவிட்சு என்று எழுதினார். துரை கையெழுத்துப் போட்டார். பாய் ஆறு அனுப்பினார். இத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் ஏன் ஆறு என்று தோன்றவில்லை. சாமான் பெட்டியைத் திறந்த அப்பாவுக்குத்தான் தோன்றியது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "நீயா போட்ட?"

"ஆமா. தாள்ல இருந்தா வரும்னீங்கள்ல? வந்துருச்சா?" என்று துள்ளினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. அதனால் விளக்கு வரப்போகிறது என்றே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா படகில் வேலையாக இருந்தார். நான் அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். துரை தாளும் கையுமாக வந்தார். பின்னால் கிராணி, அவருக்கும் பின்னால் துரையின் நாய். துரையின் விரல் நேராகப் போய் என் சதுரத்தின்மேல் நின்றது.

"துரை கேக்குறாரு" என்றார் கிராணி. "மூக்குப் பக்கம் என்னய்யா இது? பெட்டிக்குள்ள லைட்டு, யாருக்கு?"

"எங்க வீ..." என்று நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் காலை மிதித்தார். வெறுங்கால்தான், ஆனால் உயிர் போனது.

"துரையோட நாய்க்குங்க" என்றார் அப்பா. "அது படுக்க ஒரு பெட்டி அடிக்கப் போறேங்க. இருட்டுனா கத்துதுல்லங்க, அதான்."

கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். துரை விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவின் தோளில் தட்டிக்கொடுத்தார். அதே கையால் நாயையும் தட்டிக்கொடுத்தார்.

அடப் பாவிகளா! பென்சில் என்னுடையது, கோடு என்னுடையது, வெளிச்சம் நாய்க்கா? அப்பா அன்றைக்கே பலகையில் ஒரு பெட்டி அடித்து, பித்தளைத் திருகாணி வைத்து அந்த விளக்கைப் பொருத்தினார். மற்ற ஐந்தையும்விட அதைத்தான் நேர்த்தியாகப் போட்டார். "வாம்மா, சுவிட்ச நீ போடு" என்று கூப்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த நாயாவது பெட்டிக்குள் படுத்ததா? அதுவும் இல்லை. துரையின் காலடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். என் பெஞ்சுக்காரப் பிள்ளையின் அப்பா, ஆலையில் வீணாகக் கிடந்த நாலு முழம் ஒயரைத் துணி காயப்போட எடுத்துவந்திருக்கிறார். ஒரே நாளில் லயத்தைக் காலி செய்யச் சொல்லி, குடும்பத்தைச் சட்டி பானையோடு ரோட்டில் நிறுத்திவிட்டார்களாம். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதெல்லாம் பிள்ளைகள் காதில் விழாமல் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்களாம்.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பெஞ்சில் பக்கத்து இடம் காலி என்பதுதான். அதில் சௌகரியமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, எனக்கு வரவேண்டிய விளக்கை நாய்க்குக் கொடுத்த மனிதரோடு பேசுவதில்லை என்று ஐந்து நாள் வீம்பாக இருந்தேன்.