சட்டைப்பையில் ஒரு நம்பர்

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஜெயவேலு மேசை இழுப்பறைக்குள் கையை விடுகிறார். உள்ளே, அன்று பயணிகளிடம் வாங்கிப் போட்ட அட்டை டிக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. துழாவி ஒன்றை எடுத்து, பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிவிடுகிறார். தாம்பரம் ஸ்டேஷனில் இவர் டிக்கெட் கலெக்டர். குரோம்பேட்டைக் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு முக்காலமும் உணர்ந்த சாமியார் ஒருவர் வந்திருக்கிறார். டியூட்டி முடிந்ததும் அவரிடம் போய், "என் பையில கீற டிக்கெட்டு நம்பர் இன்னா சாமி?" என்று கேட்கப் போகிறார்.

"நீங்களாவது நம்பரைப் பார்த்து வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்றேன்.

"நான் பாத்தா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும் சார். அப்பால சாமி சொல்ச்சா, என் மூஞ்சி சொல்ச்சான்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

சீசன் டிக்கெட்டைக் காட்டி இந்த மனிதரைப் பத்து வருடமாகக் கடந்து போகிறேன். நாத்திகர் என்றே நினைத்திருந்தேன். சுத்தத் தப்பு. தீபாராதனைத் தட்டு வந்தால் பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். பெருங்களத்தூர் ஜெபக் கூட்டத்தில் கொடுத்த டீயை மரியாதையாகக் குடித்து முடித்த பிறகுதான் கேள்வியை எடுத்தாராம். பையில் போட்டுப் போகும் டிக்கெட்டை மறுநாள் ஞாபகமாகக் கொண்டுவந்து இழுப்பறையில் சேர்த்துவிடுவார். ரயில்வே சொத்தாயிற்றே!

"மந்திரிக்கு மச்சான்னு வருவான். பாஸு வூட்ல கீதுன்னு வருவான். அல்லார்கிட்டயும் நான் ஒண்ணுதான் சார் கேக்கறேன், டிக்கெட் எங்க? கடவுள் அனுப்ச்ச ஆளுன்னா மட்டும் கேக்காம வுட்ருவனா?"

பதினோரு வருடத்தில் முப்பது பேருக்கு மேல் பார்த்தாகிவிட்டது. சிலர் சபித்தார்கள். அன்று போனபோது குரோம்பேட்டைச் சாமியார், "எண்களெல்லாம் மாயை" என்று சிரித்தாராம். வாசலில் வாங்கிய நூற்றியொரு ரூபாயில் மாயை எவ்வளவு என்று இவர் கேட்டதும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பெருங்களத்தூர் போதகர் தாவீதோ, "அந்த வரம் எனக்கு இல்லீங்க, ஜெபம் வேணா பண்றேன்" என்று சொல்லிவிட்டார். "நேர்மையான ஆளு" என்று இன்றும் அவரைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி வணக்கம் சொல்கிறார்.

ஒரே ஒருவர், ஒரு குறிக்காரர், ஐந்து இலக்கங்களில் கடைசி இரண்டைச் சரியாகச் சொன்னார்.

"ஒரு தபா வந்தா குருட்டாம்போக்கு சார். புது டிக்கெட்டு எடுத்துகினு அடுத்த நாலு ஞாயித்துக்கெழமையும் போனேன். ஒரு நம்பர் கூட வரல." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஜெயித்த களை இல்லை. தோற்றவர் முகம்தான் அது.

ஏனென்றால் நம்பர் வெறும் முதல் கேள்வி. அதில் தேறுகிறவரிடம் கேட்க இரண்டாவது ஒன்றை வைத்திருக்கிறார். எண்பத்திரண்டில் ஒரு மாலை, வேலை தேடி அலைந்துவிட்டு டிக்கெட் இல்லாமல் வந்திறங்கினான் இவருடைய தம்பி குப்புராஜ். அண்ணன்தானே என்று சிரித்தபடி நடந்தவனை, ஊரே பார்க்கக் கையைப் பிடித்து நிறுத்தி அபராதம் கேட்டார் ஜெயவேலு. அவனிடம் காசில்லை. இவர் பையில் இருந்தது, கொடுக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் உட்கார வைத்தார். டியூட்டி முடிந்து போய்ப் பார்த்தபோது பெஞ்சு காலி. இன்றுவரை ஆள் வீடு திரும்பவில்லை.

"தம்பி எங்கன்னு நேரா கேட்டா, வடக்கால கீறான், மூணு மாசத்துல வருவான்னு அல்லாரும் ஒரே பாட்டுதான். அத நம்பி எங்கம்மா சாவற வரிக்கும் தெனம் ஒரு ஆளு சோறு கூட வடிச்சுது சார். அதான் மொதல்ல நம்பரு."

அடுத்த கூட்டத்துக்கு நானும் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

அது ஆடி மாதம். ராஜகீழ்ப்பாக்கத்து அம்மன் கோயிலில் தையல்நாயகி அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிறவள். ஜெயவேலு கதை அவளுக்குத் தெரியும். வரிசையில் இவர் முறை வந்தது. கேட்டார். "ஆத்தாவையே சோதிக்கிறியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். உடுக்கை நின்றது. தையல்நாயகி மூச்சு வாங்க இவரையே பார்த்தாள்.

"நம்பரு தெரியலண்ணா" என்றாள்.

அருள் வந்தவள் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஜெயவேலு கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அவள் இரண்டடி முன்னால் வந்தாள்.

"ஆனா உங்க தம்பியப் பத்தி மனசுல ஒண்ணு தோணுதுண்ணா. சொல்லட்டா?"

"வேணாம்மா." ஜெயவேலு கையை நீட்டித் தடுத்தார். "நீ சொன்னா நான் நம்பிருவேன்."

அவள் வாயைத் திறந்தாள். ஜெயவேலு கண்களை மூடி, வெடிச் சத்தத்துக்குப் பயந்த பிள்ளை மாதிரி, இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டார்.