காப்பாளனுக்குக் குரல் கொடுத்தவர்

சிங்கப்பூரின் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன ஒரு பிற்பகலில்தான், பின்னாளில் நான் அண்ணன் என்று அழைத்தவரின் குரலை முதன்முதலாகக் கேட்டேன். விளக்கும் அணைந்துவிட்டது. அவசரப் பொத்தானை அழுத்தியதும் சுவரிலிருந்த சின்னத் துளைகளின் வழியே ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். நான் பதற்றத்தில் தமிழில் உளற, அவரும் தமிழுக்கு மாறினார். "பயப்படாதீங்கம்மா. ஆளு வந்துட்டு இருக்காங்க. நான் இங்கதான் இருக்கேன்." நாற்பது நிமிடமும் அந்தக் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. வெளியே வந்தபோது எனக்கு நன்றியைவிட அந்தக் குரலின் மேல் ஆசைதான் அதிகமாக இருந்தது.

அப்போது நண்பர்களோடு சேர்ந்து ஓர் அறிவியல் புனைகதையை ஒலி நாடகமாக எழுதிக்கொண்டிருந்தேன். விண்கலத்தின் கதவுகளையெல்லாம் தன் பிடியில் வைத்துக்கொண்டு, ஆறு பயணிகளை ஓர் அறையில் அடைத்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் வில்லன் அதில் உண்டு. பெயர் காப்பாளன். அவனுக்கு ஏற்ற குரல் கிடைக்காமல் வாரக்கணக்கில் தவித்திருந்தேன். லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்துக்கு நன்றிக் கடிதம் எழுதி, அந்த வழியாக அவரைத் தேடிப்பிடித்தேன். ஐம்பதைத் தாண்டியவர். தேவாலயத்தில் ஞாயிறு திருப்பலியின்போது வாசகம் வாசிப்பவர். நடிக்க வேண்டும் என்றதும் கூச்சத்தோடு சிரித்தார்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், மளிகைக் கடைக்கு மேலிருந்த அறையில் சனிக்கிழமைகளில் ஒலிப்பதிவு. முதல் நாள் அவர் உறுமிப் பார்த்தார். நான் நிறுத்தினேன். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் எப்படிப் பேசுவீர்களோ, அப்படியே பேசுங்கள் என்றேன். "அது வேலைக்குன்னு உள்ள குரல்மா. வேண்டாம்" என்றார். நான் விடவில்லை. கடைசியில் பேசினார். "பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்." அறையில் ஒருவரும் அசையவில்லை. அந்த வரியை எல்லா அத்தியாயங்களிலும் வைத்தேன்.

ஏழாவது அத்தியாயம் வெளியான பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் செம்பவாங்கில் தனியாக வசிக்கும் பெண், எங்கள் நாடகத்தை விடாமல் கேட்பவர். லிஃப்ட்டில் சிக்கி உதவி கேட்டபோது காப்பாளனே பதில் சொன்னானாம். காதைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறார், பிறகு கதவை விரல்களால் பிளக்கப் பார்த்திருக்கிறார். இரண்டு நகங்கள் பெயர்ந்துவிட்டன.

அண்ணனிடம் காட்டினேன். அந்த அழைப்பு அவருக்கு நினைவிருந்தது. "நான் பேசப் பேச அவங்க கத்துனாங்க. ஏன்னு புரியல. அதனால இன்னும் பேசினேன்" என்றார். என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேரில் வந்து மன்னிப்புக் கேட்க அனுமதி கேட்டு எழுதினோம். அந்த அம்மா சம்மதித்தார். நாங்கள் போனபோது மரக்கதவைத் திறந்தார், இரும்புக் கேட்டைத் திறக்கவில்லை. விரல்களில் கட்டு. அண்ணன் "அம்மா, நான்..." என்று தொடங்கியதுமே பின்னால் நகர்ந்தார்.

"நீங்க பேசாதீங்க. அவங்க பேசட்டும்" என்று என்னைக் கை காட்டினார்.

வரிகளை எழுதியது நான், அந்தக் குரலைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியதும் நான், அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று சொன்னேன். வெகுநேரம் கழித்துக் கேட் திறந்தது. தண்ணீர் கொடுத்தார். அண்ணன் குடித்துவிட்டு, டம்ளரைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்து, கைகூப்பிவிட்டு வெளியேறினார்.

நாடகத்தை இணையத்திலிருந்து நீக்கினேன். ஆனால் அது யார் யாருடைய கைப்பேசிகளிலோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் தொலைபேசிப் பணியை விட்டு, அதே அலுவலகத்தில் கோப்புகள் பார்க்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். தேவாலயத்திலும் இப்போது வாசிப்பதில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

போன வாரம் அவருக்கு போன் செய்தேன். எடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது. "அண்ணே, ஏதாவது பேசுங்க" என்றேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அழைப்பு நின்றது. பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது: நல்லா இருக்கேன்மா.