லொரெட்டா வீட்டு வான்கோழி

லொரெட்டா கூபியாக் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் கிரான்பெரிப் பழ வயல்களுக்கு நடுவே போகிற சாலைகளில், மழையானாலும் பனியானாலும் விடிவதற்கு முன்பே அவளுடைய மஞ்சள் வண்டி வந்துவிடும். ஒரு வண்டிப் பிள்ளைகள் போடும் கூச்சலை, தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கிவிடுவாள். வீட்டில் அந்தப் பார்வை செல்லுபடியாகாது.

கல்யாணமான மறுவருஷம் மாமியார் படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். "இந்தத் தேங்க்ஸ்கிவிங்குக்கு மட்டும் வான்கோழியை நீ பார்த்துக்கோம்மா" என்றாள். மணிக்கட்டு கூடிவிட்டது. நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை வருகிற அந்த நன்றித் திருநாளின் வான்கோழி மட்டும் லொரெட்டாவிடமே தங்கிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று.

அது ஒருநாள் வேலையா என்ன? உறைந்து கல்லாகக் கிடக்கிற பறவை இளக வேண்டும். அதற்காகத் திங்கட்கிழமையே பாலையும் முட்டையையும் ஓரங்கட்டிவிட்டு ஃப்ரிட்ஜுக்குள் அதற்கு இடம் பண்ண வேண்டும். புதன்கிழமை ஒரு வாளி உப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். வியாழக்கிழமை இருட்டோடு எழுந்து ஓவனில் வைத்தால், அதற்குப் பிறகு உட்கார முடியாது. கதவைத் திறப்பதும் உருகிய வெண்ணெயை ஊற்றுவதும் மூடுவதுமாகப் பொழுது போகும். மான் வேட்டைக் காலம் என்பதால் கணவன் நார்பர்ட்டும் அவன் தம்பி கிளிஃபும் ஆரஞ்சு நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். மதியம் திரும்பிவந்து, "வாசனை ஆளைத் தூக்குதே" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பாடும். மிஞ்சியதை அலுமினியத் தாளில் மடித்து வீட்டுக்கொரு பொட்டலமாகக் கொடுத்தனுப்புவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, தேங்க்ஸ்கிவிங் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. மகள் டெனீஸின் பாத்திரம் ஒன்று தங்கிவிட்டதென்று கொண்டுபோய்க் கொடுக்கப் போனாள். அங்கே காப்பிச் சக்கையைக் கொட்டுவதற்காகக் குப்பைத் தொட்டியின் மூடியைத் தூக்கினால், மேலாகவே அந்தப் பொட்டலம் கிடந்தது. பிரிக்கக்கூட இல்லை.

"என்னடி இது?"

டெனீஸ் முகம் சிவந்துவிட்டது. "கோவிச்சுக்காதேம்மா. எனக்கு அது அவ்வளவா இறங்காது."

"எப்பலேர்ந்து?"

"சின்ன வயசுலேர்ந்தே."

"பின்ன ஏன் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கறே?"

"நீ என் தட்டையே பார்த்துக்கிட்டு இருக்கியே, நான் என்ன பண்ணட்டும்?"

லொரெட்டா வீட்டுக்கு வந்ததும் நார்பர்ட்டைப் பிடித்தாள். அவன் மேஜையில் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"உண்மையைச் சொல்லு. உனக்கு வான்கோழி பிடிக்குமா?"

"நெஞ்சுக்கறி கொஞ்சம் சக்கையாத்தான் இருக்கும்" என்றான், தலை நிமிராமல்.

"வருஷா வருஷம் பிரமாதம்னு சொன்னியே."

"கிரேவியைச் சொன்னேன்."

கிளிஃபுக்குப் போன் போட்டாள். அவன் சிரித்தே விட்டான். "நான் கரண்டி கரண்டியா கிரேவி ஊத்திக்கறது எதுக்குன்னு நினைச்சே? நீ அவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்யறே, எப்படி வாய்விட்டுச் சொல்றது?"

போனை வைத்தாள். எல்லோரையும்விட அவள்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவளுக்கும் வான்கோழி பிடிக்காது. அறுக்கும்போது நின்றபடியே மொறுமொறுப்பான தோலைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். அதோடு சரி. பந்தியில் யாரும் அவள் தட்டைப் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் நவம்பர் பிறந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள்: இந்தத் தடவை வான்கோழி கிடையாது, மாட்டு விலாக்கறி. எல்லோருக்கும் சந்தோஷம். "உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்" என்றான் கிளிஃப்.

பண்டிகையன்று வெங்காயமும் சிவப்பு ஒயினும் போட்டு, கறி எலும்பைவிட்டுக் கழன்று வரும்வரை வேகவிட்டாள். உருளைக்கிழங்கு மசியல், பீன்ஸ், கிரான்பெரி, பூசணி வைத்துச் சுட்ட இனிப்புப் பை எதற்கும் குறைவில்லை. மேஜைக்கு வந்தவர்கள் உட்காராமல் நின்றார்கள். கிளிஃப் ஓவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"எங்கே வெச்சிருக்கே?"

"எதை?"

"வான்கோழியை."

"கிடையாதுன்னு சொன்னேனே."

"சும்மா சொல்றேன்னு நினைச்சேன்."

"ஒரு சின்னதாவது வாங்கியிருக்கலாமேம்மா" என்றாள் டெனீஸ்.

"நீதானடி குப்பையில போட்டே."

"சாப்பிடறது வேறம்மா. அது மேஜையில இருக்கறது வேற."

நார்பர்ட் தாடையைச் சொறிந்துகொண்டான். "என்னமோ சாதாரண ஞாயித்துக்கிழமை மாதிரி இருக்கு, லொரெட்டா."

கிளிஃப் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு ஊரில் திறந்திருந்தது பெட்ரோல் பங்க் கடை ஒன்றுதான். ரொட்டிக்கு நடுவில் வைக்கிற வான்கோழித் துண்டுகள், ஒரு பாக்கெட். அதைத்தான் கொண்டுவந்தான். அவன் மனைவி ஷெரில் பெரிய தாம்பாளத்தை எடுத்து, அந்தச் சில்லிட்ட துண்டுகளை வட்டமாக அடுக்கி, நடுவில் ஒரு கொத்துக் கீரையும் செருகினாள். எல்லோரும் தலை குனிந்து ஜெபம் சொன்னார்கள். ஆளுக்கொரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு விலாக்கறியின் மேல் பாய்ந்தார்கள். பேச்சு மூச்சில்லை. பாத்திரத்தில் கடைசியில் எலும்புதான் மிஞ்சியது.

கிளிஃப் கடைசி எலும்பைச் சூப்பியபடி சொன்னான்: "எல்லாம் சரிதான். ஆனா தேங்க்ஸ்கிவிங் மாதிரியே இல்லை."

லொரெட்டா முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து கார் நிறுத்துகிற கொட்டகைக்குப் போய்விட்டாள். காலையில் வேட்டையில் சுட்ட மான் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நார்பர்ட் அவளுடைய கோட்டை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அவன் சொன்னதை மனசுல வெச்சுக்காதே."

"எலும்பைச் சூப்பிக்கிட்டே சொல்றான், நார்ப்."

"கறி நல்லாத்தான் இருந்தது."

"அதை உள்ளே சொல்லியிருக்கலாமே."

அவன் காலை மாற்றி நின்றான். "எங்களுக்கு அந்தப் பறவை நடுவுல இருக்கணும். அவ்வளவுதான்."

"அது நடுவுல இருக்கறதுக்காக நான் வாரம் பூராச் சாகணுமா?"

நார்பர்ட் கோட்டை அவள் தோளில் போட்டான். குளிர் தாங்காமல்தான் அவள் உள்ளே போனாள். போனவள் கதவருகே நின்றே சொன்னாள்: "அடுத்த வருஷம் வேற யார் வீட்லயாவது வெச்சுக்குங்க."

"எங்க வீட்டுலயே வெச்சுக்கலாம்" என்றான் கிளிஃப். "ஒரு வான்கோழி, அது என்ன பெரிய வேலையா?"

ஷெரில் அவனைப் பார்த்த பார்வையை லொரெட்டா கவனித்தாள்.

சொன்னபடியே போன வருஷம் கிளிஃப் வீட்டில் நடந்தது. ஷெரில் கை கழுவிவிட்டதால் அவனே சமைத்தான். வேட்டைக்குப் போகவில்லை. லொரெட்டா உள்ளே நுழைந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன, சட்டை முழுக்க வெண்ணெய், மணிக்கட்டில் ஓவன் கம்பி சுட்ட தடம். என்ன சொல்ல வேண்டுமென்று அவள் காரிலேயே யோசித்து வைத்திருந்தாள். தொண்டையில் இறங்கவில்லை கிளிஃப், கிரேவிக் கரண்டியை இப்படிக் கொடு என்று எல்லோர் எதிரிலும் சொல்வதாக இருந்தாள்.

முதல் துண்டை அவன் அவள் தட்டில்தான் வைத்தான். வைத்துவிட்டு நகரவில்லை. கத்தியைக் கையில் பிடித்தபடி அவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டு நின்றான். மெல்ல மெல்ல அது வாய்க்குள் பெருகிக்கொண்டே போயிற்று.

"எப்படி இருக்கு?"

"நல்லாயிருக்கு கிளிஃப்" என்றாள் லொரெட்டா. "நல்ல பதம். சக்கையே இல்லை."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு துண்டு அரிந்து அவள் தட்டில் வைத்தான். மேஜையில் மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவள் அத்தனையையும் தின்று முடித்தாள்.

வீடு திரும்பும்போது நார்பர்ட்தான் ஓட்டினான். ஊர் எல்லை தாண்டியதும் மெதுவாகக் கேட்டான்: "ஏன் அப்படிச் சொன்னே?"

"பேசாம ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றாள் அவள்.