நூற்றிருபது குண்டூசிகள்

இதை எழுதுபவன் அவளை முதலில் பார்த்தது, தான் வேலை செய்யும் எக்ஸ்ரே அறையின் வாசலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன், கழுத்தில் அளவு டேப். ஆனால் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது அவளுக்குப் பின்னால் வந்த பெண்மணியின் கோலம். இடுப்புக்குக் கீழே குடை விரித்தாற்போல நீலப் பாவாடை. பாதிதான் தைத்திருந்தது. உள்ளே வளையம் வளையமாகப் பிளாஸ்டிக் குழாய். கதவில் நேராக நுழைய முடியாமல், பக்கவாட்டில் திரும்பி, ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சிரிக்கிறவங்க அப்புறமா சிரிச்சுக்கலாம். குழந்தையை முதல்ல பாருங்க. குண்டூசி முழுங்கியிருக்கலாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மீதிக் கதை, பின்னால் இவன் தபாலாபீஸ் வரிசையில் நின்ற நாட்களில் அவள் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது.

அவளுக்குத் தபாலாபீசில் பார்சல் வாங்கும் வேலை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஆறாவது படிக்கும் பெண் ஒன்று, கைக்குழந்தை ஒன்று. பாவாடையில் வந்தவர் மேல்நிலைப்பள்ளியில் கணக்கு டீச்சர். இவர்களோடு மூன்றாவதாக மருந்துக்கடை அக்கா. பழைய புத்தகக் கடையில் டீச்சர் ஒருநாள் ஒரு படப் புத்தகத்தைக் கண்டெடுத்தார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அரண்மனைப் பெண்கள் உடுத்திய உடைகள், பக்கத்துக்குப் பக்கம். அதைப் பார்த்த மூன்று பேருக்கும் ஒரே கிறுக்குப் பிடித்தது. ஆளுக்கொன்று தைத்து, ஒரே நாளில் உடுத்திக்கொண்டு, ஸ்டுடியோவில் போய் நின்று ஒரு படம். அவ்வளவுதான் ஆசை. நாலு வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாம தைச்சு முடிக்கறதுக்குள்ள இது பழங்காலத்து உடையாயிடும் போல" என்பாள் மருந்துக்கடை அக்கா.

"இப்பவே பழங்காலத்து உடைதான்க்கா."

"அப்ப சரி, அவசரமில்ல."

ஞாயிறு மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை அவள் வீட்டில் கூடுவார்கள். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அதன்மேல்தான் துணி வெட்டுவது. ஒரு பாவாடைக்கு ஆறு மீட்டர் துணி. அத்தனையும் இருபத்தெட்டு அங்குல இடுப்புக்குள் மடிப்பு மடிப்பாக அடங்க வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு குண்டூசி. நாற்றுக்கட்டு போல இடுப்புப் பக்கம் இறுகி, கீழே விரிந்து கிடக்கும். பாவாடைக்குள் வைக்கும் வளையத்துக்குக் குழாய் கொண்டுவந்து கொடுத்தது அவள் கணவன்தான். "ராணிங்களா, எனக்கு ஒரு வாய் டீ கிடைக்குமா?" என்று கேலி செய்வானே தவிர, குறுக்கே நின்றதில்லை.

பையன் தவழ ஆரம்பித்ததும் ஒரு நிபந்தனை மட்டும் போட்டான். "லிஃப்ட் குழிக்குள்ள இறங்கறப்ப எத்தனை ஸ்பானர் எடுத்துட்டுப் போறோம்னு எண்ணி எழுதுவோம். ஏறி வந்ததும் எண்ணுவோம். ஒண்ணு குறைஞ்சாலும் லிஃப்டை ஓட்ட மாட்டோம். உங்க குண்டூசிக்கும் அதே சட்டம்." பழைய பிஸ்கட் டப்பாவில் நூற்றிருபது குண்டூசிகள். தொடங்கும்போது எண்ணி நோட்டில் எழுதுவாள். முடிந்ததும் குத்தியிருப்பதையும் டப்பாவில் இருப்பதையும் சேர்த்து எண்ணி எழுதுவாள். பதினோரு மாதம் ஒரு ஞாயிறு தவறவில்லை.

அந்த ஞாயிறு காலையிலிருந்தே வீடு தலைகீழாகக் கிடந்தது. பெண்ணுக்கு மறுநாள் பள்ளியில் எரிமலை மாதிரி ஒன்று செய்து கொடுத்தாக வேண்டும். பசை கூடமெல்லாம் ஒட்டியிருந்தது. பையனுக்கு வயிற்றுப்போக்கு. கணவனுக்கு அவசர அழைப்பு, ஏதோ கட்டிடத்தில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று ஓடிவிட்டான். இரண்டு மணிக்கு டீச்சரும் அக்காவும் வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் ஒரு கையால் பையனைக் கழுவிக்கொண்டு, மறுகையால் பொங்கும் பாலை இறக்கிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு வந்து டப்பாவைத் திறந்தாள். எப்போதும் போல நிறைந்துதான் தெரிந்தது. நோட்டை இழுத்து '120' என்று எழுதினாள்.

எண்ணவில்லை.

நாலேமுக்காலுக்கு மருந்துக்கடை அக்கா எண்ணினாள். நூற்றுப் பத்தொன்பது. மறுபடி எண்ணினாள், அதே. டீச்சர் பாவாடையோடு அசையாமல் நிற்க, மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தார்கள். மேஜைக்கடியில் காந்தத்தை இழுத்துப் பார்த்தார்கள். அத்தனை நேரமும் பையன் டீச்சர் காலடியில்தான் உட்கார்ந்திருந்தான். இப்போது எச்சில் வடித்துக்கொண்டு சிணுங்கினான்.

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் வாயில ரெண்டு ஊசி கவ்விட்டிருந்தேன். பேசறப்ப விழுந்திருக்கும். என்னாலதான்."

அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்கலாம். நான் எண்ணவே இல்லை, வாரத்து நடுவிலேயே ஒன்று குறைந்திருந்தாலும் இருக்கும் என்று. தொண்டைவரை வந்தது. அதற்குள் அக்கா ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள்.

எக்ஸ்ரே பலகையில் பையன் கால்களை டீச்சர் பிடித்துக்கொண்டார், கைகளை அவள். படம் சுத்தமாக இருந்தது. ஊசி எங்குமில்லை. ஊசி இல்லை, வயிற்றுக்கு மருந்து கொடுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

கிரீஸ் கையோடு கணவன் வராந்தாவுக்கு வந்து சேர்ந்தான். நடந்ததைக் கேட்டான். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு டீச்சரைப் பார்த்து, குரலை உயர்த்தாமலேயே சொன்னான்: "பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லித் தர்றீங்க டீச்சர். வாயில எத்தனை ஊசி இருக்குன்னு தெரியலையா?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. டீச்சர் அந்தக் குடைப் பாவாடையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த ஞாயிறு டீச்சர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. கணவன் டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டான். வீட்டில் எல்லாரும் அவளிடம் கூடுதல் பிரியமாக இருந்தார்கள்; பயந்து போயிருக்கிறாள் பாவம் என்று. அந்தப் பிரியம்தான் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. பார்சலை எடைபோடும்போது எண் கண்ணுக்குத் தெரியும், மண்டையில் ஏறாது. ஒரே நாளில் இரண்டு பேரிடம் தப்பான ரசீது கொடுத்து வசவு வாங்கினாள்.

பதினாறாம் நாள் மருந்துக்கடை அக்கா தபாலாபீசுக்கே வந்தாள். வரிசையில் நிற்காமல் பக்கவாட்டுக் கதவருகே நின்று கூப்பிட்டாள்.

"டீச்சர் தையல் மெஷினை விக்கறாளாம். பள்ளிக்கூடப் பலகையில எழுதிப் போட்டிருக்கா. ராத்திரி தூக்கமில்லையாம், கண்ணை மூடினா உன் பையன் முகந்தானாம். 'குழந்தை இருக்கிற வீட்டுல ஊசி பிடிக்கத் தகுதியில்லாதவ நான்'னு சொல்றா. நீ ஒரு வார்த்தை போய்ச் சொல்லேன். உம்மேல கோவமில்லைன்னு."

"எனக்கு அவங்கமேல கோவமா?" என்றாள் அவள்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். டீச்சர் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"குட்டிப் பையன் நல்லா இருக்கானா?"

"இருக்கான் டீச்சர். நான் அன்னிக்கு எண்ணல."

"என்ன?"

"ஆரம்பத்துல நூத்தி இருபதுன்னு எழுதினேன்ல, எண்ணாம எழுதினேன். டப்பாவைத் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான். எத்தனை இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது."

டீச்சர் பேனாவை மூடினார். பிறகு மறுபடி திறந்தார். கணக்கு டீச்சர் அல்லவா, மனசுக்குள் ஒவ்வொரு படியாகப் போட்டுப் பார்த்திருப்பார்.

"எண்ணலைன்னு அப்பவே சொல்லியிருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாகணும்தான்" என்றார் கடைசியில். "குழந்தைக்கு அதனால ஒண்ணும் கெட்டுப் போகல. நான் அதைக் கேக்கல. வராந்தாவுல உன் வீட்டுக்காரர் என்னைக் கேட்டாரே, அப்ப நீ பக்கத்துலதானே நின்னே?"

"நின்னேன்."

"என் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தானே நின்னே?"

"ஆமா டீச்சர்."

"அதுக்கப்புறம் பதினாறு நாள்."

அவள் அழுதாள். டீச்சர் சமாதானம் சொல்லவுமில்லை, திட்டவுமில்லை. மணி அடித்ததும் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டார். "மெஷினை விக்கல. அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ வீட்டுல சொல்லிட்டியா?"

"இல்ல."

"முதல்ல அங்க சொல்லு."

அன்று சாயங்காலம், கணவன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். ஒரு கால் ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க, ஏதாவது சொல்லுங்க."

"என் வேலையில ஒருத்தன் இப்படி எண்ணாம எழுதினா, மறுநாள் அவனை உள்ள விட மாட்டேன். என் பொண்டாட்டிங்கறதால என்ன பண்றதுன்னு தெரியல." மற்ற ஷூவையும் கழற்றி வைத்துவிட்டு, "அந்தம்மாவை என்ன பேச்சுப் பேசிட்டேன்" என்றான். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் டீச்சர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். டீச்சர் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாராம். அவனிடம் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

கோபம் எங்கே இருக்கிறது என்பதை மருந்துக்கடை அக்காதான் வந்து சொன்னாள், சொல்ல முடியாமல் சொன்னாள். "இனிமே ஞாயித்துக்கிழமை எங்க கடை மாடியில தைக்கலாம்னு டீச்சர் சொல்றா. நீ கொஞ்ச நாள் வர வேண்டாமாம். எத்தனை நாள்னு கேட்டேன். தெரியலன்னுட்டா."

"சரிக்கா."

"சரின்னு சொல்லிட்டா எப்படி? சண்டையாவது போடேன்."

"எந்த வாயால போடறது?"

இது நடந்து எட்டு மாதமாகிறது. அந்தக் குண்டூசி கிடைக்கவே இல்லை. எந்த நாள் தொலைந்தது, தொலைந்ததா என்பதே யாருக்கும் தெரியாது. பையன் இப்போது ஓடுகிறான். டீச்சரின் நீலப் பாவாடையும் அக்காவின் உடையும் முடிந்துவிட்டன. ஸ்டுடியோவுக்கு இன்னும் போகவில்லை. போன மாதம் டீச்சர் ஒரு பார்சல் அனுப்பத் தபாலாபீசுக்கு வந்தார். வேறு வரிசை காலியாக இருந்தும் அவளிடம்தான் வந்தார். எடை போட்டு ரசீது கொடுத்ததும், "உன் உடைக்குக் கை வெட்டிட்டியா?" என்று கேட்டார்.

"ஒரு கை வெட்டிட்டேன் டீச்சர்."

"தோள்பட்டைகிட்ட அரை அங்குலம் தாராளமா விடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் இப்போது ஞாயிறு மத்தியானங்களில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தனியாகத் தைக்கிறாள். அவர்கள் இருவரும் மருந்துக்கடை மாடியில், முடிந்துபோன உடைகளுக்கு லேஸ் வைத்துத் தைக்கிறார்கள்.