தனிப் பட்டியலில் இருந்த நான்கு பேர்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப்போரில் அரபிக்கடலில் மூழ்கிய ஒரு சரக்குக் கப்பலைப் பற்றி இரண்டு வருடமாகத் தகவல் சேர்த்திருந்தேன். கொச்சியில் தேயிலையும் கயிறும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய, நிலக்கரியில் ஓடும் கப்பல். மூன்றாம் நாள் எதிரி நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அதை அடித்து மூழ்கடித்தது. கரமனையில் ஒரு வாசகசாலையில் அதைப் பற்றித் தமிழில் பேசக் கூப்பிட்டார்கள்.

"கப்பல் போயிற்று, ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை" என்று பேச்சை முடித்தேன். பலத்த கைதட்டல்.

பின்வரிசையில் ஒரு முதியவர் எழுந்தார். ஆரியசாலையில் ஒரு மொத்தக்கடையின் சரக்குக் கிட்டங்கிக் காவலர் என்று பிறகு தெரிந்தது.

"சாரே, நான் அந்தக் கப்பல்ல கரி அள்ளிப் போட்டவனாக்கும். எனக்க கூட கீழ நாலு பேரு உண்டு. நான் வெள்ளம் குடிக்க மேல வந்த நேரத்துலதான் அடிச்சுது. அவிய நாலு பேரும் வரல்ல."

அரங்கு முழுக்க என்னைப் பார்த்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"கப்பல் கம்பெனி அறிக்கையில அப்படி இல்லையே, ஐயா. வயசாச்சில்லையா, வேற ஏதோ கப்பலோட ஓர்மை கலந்திருக்கும்" என்றேன்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் "செரி சாரே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த அறிக்கையின் கடைசி வரி எனக்குத் தெரியும். 'இந்திய மாலுமிகளின் விவரம் தனிப் பட்டியலில்' என்று இருந்தது. அந்தப் பட்டியலைக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும் என்று முன்பே நினைத்திருந்தேன். அதற்குள் பேச்சுக்கான கட்டுரையைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டதால் விட்டுவிட்டேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அந்த வரிதான் கண்முன் நின்றது. மறுநாளே லண்டன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். மூன்று மாதம் கழித்து அந்தப் பட்டியலின் ஒளிநகல் வந்தது. பாய்லர் அறையில் நான்கு பேர். நான்கு பெயருக்கும் நேரே, 'மூழ்கினார்'.

ஆரியசாலையில் விசாரித்து அவரைக் கண்டுபிடித்தேன். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து பொதிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க சொன்னது சரி. தப்பு என் மேலதான்."

"நான் சொன்னது செரின்னு எனக்குத் தெரியுமே" என்றார். குரலில் கோபம் இல்லை. "அந்தப் பேரெல்லாம் ஒண்ணு வாசியும்."

வாசித்தேன். மூன்றாவது பெயரில் நிறுத்தினார். "அது தெற்று. அவனுக்க பேரை வெள்ளக்காரன் கேட்டபடி எழுதியிருக்கான்." சரியான பெயரைச் சொன்னார். பேனாவால் திருத்தி எழுதினேன்.

"வாசகசாலையில மறுபடி பேசறேன். நீங்க வரணும்."

"எனக்கு இங்க ஜோலி உண்டு சாரே. நீரு பேசும்."

செயலாளரிடம் கெஞ்சி, வேறொருவர் பேச்சுக்கு முன்னால் பத்து நிமிடம் வாங்கினேன். நான்கு பெயர்களையும் வாசித்தேன். அன்று அந்த முதியவரிடம் நான் என்ன சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை. கேட்க எட்டுப் பேர் இருந்தார்கள். அன்று சிரித்தவர்களில் ஒருவர்கூட வந்திருக்கவில்லை.