மஞ்சள் மண்ணும் பேட்டரித் தண்ணீரும்

எங்கள் மண் பரிசோதனைக் கூடத்தில் குப்பி கழுவுகிறவர் அவர். குப்பியக்கா என்றால்தான் ஆள் தெரியும். இருபது வருடமாக மண்ணோடு மல்லுக்கட்டியவர், விரலால் தேய்த்தே களியா மணலா என்று சொல்லிவிடுவார். நான் பட்டம் வாங்கியவன். மண்ணின் புளிப்பை அளக்கும் மீட்டர் என் பொறுப்பு. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

அக்காவின் தங்கைக்கு மூன்று ஏக்கர் சரிவு நிலம், முழுக்க மஞ்சள் மண். மூட்டை மூட்டையாக உரம் போட்டும் சோளம் முழங்காலைத் தாண்டவில்லை. வெறுத்துப்போன தங்கை கணவர், நிலத்தைச் செங்கல் சூளைக்கு எழுதிக் கொடுக்க வெள்ளிக்கிழமை நாள் குறித்துவிட்டார். மேல்மண்ணை வெட்டிவிட்டால் அங்கே புல்கூட முளைக்காது. அவர்கள் கொடுத்த மண்ணைச் சோதித்து நான் எழுதிய அறிக்கை வேறு செவ்வாயன்று போய்ச் சேர்ந்தது: அமிலம் இல்லை, சுண்ணாம்பு தேவையில்லை.

மறுநாள் அக்கா அந்த அறிக்கையோடு என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, வருஷம் பூரா மழை கொட்டுற இடம். மண்ணுல இருந்த சுண்ணாம்பெல்லாம் எப்பவோ கரைஞ்சு போயிருக்கும். புளிக்காம எப்படி இருக்கும்?”

“மீட்டர் பொய் சொல்லாதுக்கா.”

“சொல்லாது. நீ எந்தத் தண்ணியில கரைச்ச?”

எனக்கு முகம் செத்துப்போனது. தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் கெட்டுப் பத்து நாள். யார் கேட்கப்போகிறார்கள் என்று குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தேன். குப்பியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிய வைக்கும் தண்ணீர் அது; மண்ணின் புளிப்பை அந்தச் சுண்ணாம்பே மறைத்துவிடும். அந்தக் கறையைத் தினமும் தேய்ப்பவரிடமே கதை விட்டிருக்கிறேன்!

அக்கா மெக்கானிக் கடைக்குப் போய், பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் ஒரு கேன் வாங்கி வந்தார். மீதி மண்ணைக் கரைத்தோம். முன்பு ஆறைத் தாண்டி நின்ற மீட்டர் முள் நாலரைக்கு இறங்கியது; ஏழுக்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு அதிகம். அசல் புளிப்பு. இப்படிப்பட்ட மண்ணில் இரும்பும் அலுமினியமும் உரத்திலுள்ள மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். போட்ட உரம் பயிருக்குக் கிடைக்காது.

வியாழக்கிழமை புது அறிக்கையோடு நானே போய்த் தப்பை ஒப்புக்கொண்டேன். தங்கை கணவர் என்னை முறைத்தார்.

“மாப்ள, ஒரே ஒரு போகம் பொறுங்க. முதல்ல சுண்ணாம்பு, அப்புறந்தான் உரம்,” என்றார் அக்கா.

“குப்பி கழுவுற நீங்க சொல்லி நான் கேக்கணுமா அண்ணி?” என்றவர், தங்கை பார்த்த பார்வையில் அடங்கிப்போனார். வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுப்பது தள்ளிப்போனது.

அறுவடைக்குப் பத்து நாள் முன்பு சூளைக்காரர் மறுபடி வந்து வரப்பில் நின்றார். அக்காவும் நானும் அங்கேதான் இருந்தோம். சோளத்துக்குள்ளிருந்து தங்கை கணவரின் குரல் மட்டும் வந்தது, ஆள் தெரியவில்லை.

“மண்ணு வேணும்னா எங்க அண்ணியக் கேளுங்கய்யா! அவங்க சொல்லாம இங்க ஒரு கூடை மண்ணு நகராது!”